நாயிக் என்று யாரும் கத்த வேண்டாம்

கிள்ளானில் ஒரு ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். லோரியில் வரும் சரக்கைத் தூக்கி ரேக்கில் வைப்பது என் வேலை. கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தேன். இந்த டிரைவர் சீட்டுக்கு வர வெகுநாள் ஆனது. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

சீட்டில் இருப்பவனுக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. பெட்டிகள் மறைக்கும். கீழே நிற்பவன்தான் கத்திச் சொல்ல வேண்டும். உயர்த்த 'நாயிக்', இறக்க 'துருன்'. இரண்டும் மலாய். தமிழன், நேப்பாளி, வங்காளதேசத்துக்காரன் எல்லாருக்கும் ஒரே சொல்.

பெரிய வெள்ளத்துக்குப் பிறகு 'நாயிக்' நின்றுவிட்டது.

வெள்ளம் ஸ்டோருக்கு வரவில்லை. வீடுகளுக்கு வந்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் கீழ்வீடு முழுக்கத் தண்ணீர். நானும் மனைவியும் எதிர்வீட்டு மாடியில் நின்றோம். கரண்ட் இல்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். "ஆயர் நாயிக்! ஆயர் நாயிக்!" தண்ணீர் ஏறுது, தண்ணீர் ஏறுது. வெகுநேரம் கத்தினார். பிறகு குரல் கேட்கவில்லை. படகில் ஏற்றிக்கொண்டு போனார்களா, வேறு ஏதாவதா, தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. விசாரிக்கப் பயம்.

திரும்ப வேலைக்கு வந்தபோது ஸ்டோரில் யாரும் நாயிக் என்று சொல்லவில்லை. இப்படி ஒன்றும் பேசி வைக்கவில்லை. கட்டைவிரலை மேலே காட்டினார்கள். நானும் உயர்த்தினேன். அவ்வளவுதான்.

ஆனால் மழை நிற்குமா? இந்த ஊரில் மத்தியானம் ஆனால் மழை. தகரக் கூரையில் விழும்போது காது அடைத்துவிடும். அப்போது என் கை லீவரில் ஒட்டிக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. பேக்கிங் பெண்கள் டேப்பைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்ப்பார்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் வருகிறதா என்று.

எங்கள் ஸ்டோர் மட்டும் இல்லை. மனைவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல். வானம் கறுத்தால் அரிசி மூட்டையை மேஜைமேல் ஏற்றிவிடுகிறார்களாம். அந்தக் கடைக்குள் தண்ணீர் வந்ததே கிடையாது. கொமுட்டர் ரயிலில் பார்க்கிறேன், ஆறு தெரியும் இடம் வந்தால் ஒருவர் விடாமல் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள். தெரியாத ஆட்கள்.

எங்கள் பயத்தைப் போக்கக் கம்பெனி ஓர் அம்மாவை அழைத்து வந்தது. கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடச் சொன்னார். நல்ல மாதிரிதான். பாதியில் மழை பிடித்தது. நான் கண்ணைத் திறந்தேன். அந்த அம்மாவும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்டி காரை எங்க போட்டிருக்காங்களோ, பாவம்," என்றான் என் கூட்டாளி. எனக்குக் கீழே நின்று கட்டைவிரல் காட்டுகிறவன் அவன்தான். அவன் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு விடியும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவன். வாய் மட்டும் குறையவில்லை.

சூப்பர்வைசர் பூச்சோங்கில் இருந்து வருகிறவர். என்னைவிடச் சின்ன வயது. ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, மழ பெஞ்சா நீங்க நின்னுடுறீங்க. லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். மேல என்னைய கேக்குறாங்க லா. இன்னொரு தடவ நின்னா பேக்கிங் பக்கம் போயிருங்க."

"சரி பாஸ்," என்றேன். சீட்டு போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அன்றைக்கு மழை கொட்டியது. புது லோரிக்காரர் ஒருவர், மலாய்க்காரர், சரக்கு கொண்டுவந்திருந்தார். கூட்டாளியை ரேக்குக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பெட்டி சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். கட்டைவிரல் காட்ட ஆள் இல்லை. நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பெட்டிகள் அடுக்கிய பேலட்டைத் தூக்கினேன்.

பேலட் ரேக்கின் குறுக்குக் கம்பியில் இடிக்கப் போவதை லோரிக்காரர் பார்த்திருக்கிறார். இன்னும் உயர்த்து என்று நல்ல மனதோடுதான் கத்தினார்.

"நாயிக்! நாயிக் லாகி!"

மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பேக்கிங் பக்கம் ஒருத்தி அலறினாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள். ஆபீஸ் மாடிப்படி முழுக்க ஆட்கள். என் கை செத்துவிட்டது. பேலட் கம்பிக்குச் சற்று மேலே போய் நின்றது. முன்னால் தள்ளி ரேக்கில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. தள்ளவில்லை. அந்த மாடியும் அந்தக் குரலும்தான் கண்ணுக்குள் இருந்தன.

அப்போது பேலட்டுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான் கூட்டாளி.

"மச்சான்! தண்ணி எவ்வளவு வந்திருச்சி?"

எட்டிப் பார்த்தேன். நான் சரக்கு வைக்கப் போன அதே தட்டில், தூணைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அந்தச் சந்திலிருந்து ரேக்கைப் பிடித்து ஏறியிருக்கிறான். ஒரு முழம் தள்ளியிருந்தால் பெட்டிகள் அவன் நெஞ்சில்.

"தண்ணி இல்லடா. இறங்கு."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்ல. வா."

அவன் வரவில்லை. நான் இன்ஜினை அணைத்துவிட்டு, சுற்றிப் போய், ஏணி வைத்து, அவன் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து இறக்கினேன். கால் சில்லென்று இருந்தது.

சூப்பர்வைசர் மாடிப்படியிலிருந்து வந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை. ரேக்கைப் பார்த்தார். நிற்கும் பேலட்டைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்தார்.

"பாஸ், இப்ப பேக்கிங்குக்கு யாரு போறது? உங்க சப்பாத்தா?" என்றான் கூட்டாளி. பல் தந்தி அடித்துக்கொண்டே சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

பேக்கிங் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் சாவி என்னிடம்தான் இருக்கிறது. லோரிக்காரர்களிடம் சொல்ல வேறு ஒரு சொல் தேடினோம். நான் 'தூக்கு' என்றேன்.

"அத கேட்டா கழுத்து அரிக்குது மச்சான்," என்றான்.

கடைசியில் 'மேல' என்று வைத்தோம். லோரி வந்ததும் வாசலில் காவல் நிற்கும் கார்டு ஓடிப்போய் டிரைவரிடம் சொல்கிறார்: நாயிக் என்று கத்தாதே, மேல என்று சொல். நேப்பாளிகளும் மேல, மேல என்கிறார்கள்.

பயம் போகவில்லை. நேற்றும் மழை. நேற்றும் கை லீவரில் ஒட்டிக்கொண்டது. மழை தொடங்கினால் இப்போது கூட்டாளி எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வந்து, தரையில் போட்ட மஞ்சள் கோட்டில், என் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறான். அவனும் நடுங்குவது தெரிகிறது.

அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் லீவரைத் தொடுகிறேன். லோரிக்காரன் ஹார்ன் அடிக்கட்டும்.