பள்ளத்துக்கு ஏற்ற புல்

எங்கள் குவார்ட்டர்ஸ் கேட் ஓரத்துக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஈரச் சாக்குதான் நினைவுக்கு வரும். அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பம்ப் பார்ப்பவர். ஷிஃப்ட் முடிந்து ஊருக்குப் போகும் வழியில் இங்கே வண்டியை நிறுத்துவார். பின்னால் கட்டியிருக்கும் சாக்கின் மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவார். உள்ளே நடுவதற்கான புல் கரணைகள். “வூடு போயி சேர்றவரைக்கும் வாடக்கூடாது மச்சான்” என்பார். காபி கொடுத்தால் சாக்குப் பக்கத்தில் நின்றபடியே குடிப்பார். இந்த மனுசன் பெற்ற பிள்ளையைக்கூட இப்படித் தூக்கி வந்ததில்லை என்று அக்கா கிண்டல் செய்வாள்.

எல்லாம் செவலைக்காக. தாய் செத்துப்போன கன்று அது. அக்கா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அவள் பின்னாலேயே சுற்றும், வேறு யார் கூப்பிட்டாலும் வராது. மேய்ச்சலுக்கென்று அவர்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு துண்டு நிலம். அதன் நடுவில் பெரிய பள்ளம். ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் அதில் தண்ணீர் நிற்கும்.

நன்றாக உயரும் என்று எல்லோரும் சொன்ன கோ-4 புல்லைத்தான் மாமா முதலில் நட்டார். தண்ணீர் நிற்குமே என்றேன். “அவ்ளோ ஆழத்துலேர்ந்து தண்ணிய மேல ஏத்திகினு இருக்கறவன் நானு. இந்தப் பள்ளம் இன்னா பெருசா?” என்றார். சுரங்கத்தில் செய்வதைப் போலவே, தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்து இறைக்கப் பள்ளத்தின் அடியில் ஒரு குழி வெட்டினார். நாலாபக்கமிருந்தும் அதற்கு வாய்க்கால் இழுத்தார். எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது.

அடைமழை வந்தது. மாற்று ஆள் வராததால் மாமா அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தார். அவர் சுரங்கத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் வெட்டிய வாய்க்கால்கள் அக்கம்பக்கத்து வயல் தண்ணீரையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன. ஊருக்கு வந்ததும் ஆயில் இன்ஜினை வாடகைக்குப் பிடித்தார். அது ஓடத் தொடங்கிய பிறகுதான் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்வி வந்தது. சுற்றிலும் மற்றவர்களின் நெல். “சொரங்கத்துல தள்றதுக்கு ஓடை கீது. இங்க யாரு பயிரு மேல தள்றது?” என்று என்னைக் கேட்டார். இன்ஜினை நிறுத்திவிட்டோம். புல் அழுகி நாறியது. வைக்கோல் போரும் அடியிலிருந்து மக்கிப்போனது.

கால்நடை டாக்டர்தான் எருமைப்புல்லைச் சொன்னார். தண்ணீரிலேயே படரும், பள்ளத்துக்கென்றே உள்ள புல் என்றார். மாமா அன்றைக்கே தேடிக் கொண்டுவந்து, முழங்கால் தண்ணீரில் நின்று நட்டார். ஆனால் புல் வேர்பிடித்துத் தழையும்வரை மாட்டின் வயிறு காத்திருக்குமா? செவலைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. “பட்டினி போட்டுக் கட்டி வெச்சிகினு இருக்கறது பாவம்ங்க” என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

மாட்டு வியாபாரி மினி லாரியோடு வந்தார். செவலை ஏறவில்லை. இழுத்தும் தள்ளியும் பார்த்தார்கள். கடைசியில் அக்கா பலகையில் ஏறி லாரிக்குள் போய் நின்றாள். அதுவும் பின்னாலேயே ஏறியது. கயிற்றைக் கட்டிவிட்டு அக்கா மட்டும் இறங்கினாள். மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பங்குனியில் எருமைப்புல் இடுப்பளவு நின்றது.

அதன் பிறகும் எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. மாமா இன்னும் கான்ட்ராக்ட்தான். போன வாரமும் அதே குழாயடியில் வண்டியை நிறுத்தினார். சாக்கில் எருமைப்புல் தண்டுகள். பக்கத்து ஊரில் யாரோ பள்ளத்து நிலத்துக்குக் கேட்டார்களாம். “அவங்க வூட்ல மாடு கீதே” என்றார். நீங்களும் ஒரு மாடு வாங்கலாமே மாமா, புல்தான் இத்தனை இருக்கிறதே என்றேன்.

சாக்கின் மேல் தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“வாங்கலாம் மச்சான். ஒங்கக்கா இன்னொருவாட்டி லாரி ஏற மாட்டா.”

நான் குழாயை மூடினேன்.