பூங்கா கட்டடத்துக்கு உள்தாழ்ப்பாள்

உத்திரமேரூர் பூங்காவில் பாழடைந்து கிடந்த கட்டடத்தை எங்கள் கபடி கிளப் புதுப்பித்து, இன்று பெயின்ட்டும் அடித்துவிட்டது. பெண்கள் அணிக்கு உடை மாற்ற இதுவரை புதர் மறைவுதான். எங்களுக்காகத்தான் இந்த வேலையே.

மாலையில் போனால், உள்ளே ஆண்கள் அணி கேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"பெயின்ட் காயட்டும்மா. அதுவரிக்கும் நாங்க காவல் காத்துக்கினு கீறோம்" என்றார் அவர்கள் கேப்டன் ரவி அண்ணன்.

எங்கள் கேப்டன் செல்வி பையைக் கீழே வைத்தாள். "நாங்க இப்ப துணி மாத்தப்போறோம்ணா. நீங்க இன்னா பண்ணப்போறீங்க?"

போர்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். ரவி அண்ணன் முதுகெல்லாம் நீலப் பெயின்ட்.

தாழ்ப்பாள் போட்டு, முதல்முறையாக நிதானமாக உடை மாற்றினோம். பிறகு கேரமும் ஆடினோம்.

சிவப்புக் காயை எப்படிப் போடுவது? தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள். வெளியே காவல் நிற்பவர்களைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.