கிணற்றடிக் கல்

திண்டுக்கல்லுக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பாறைக் கரட்டில், கல்லை வட்டமாக நட்டு வைத்த ஆதிகாலத்துச் சமாதிகள் உண்டு. பாண்டவர் குழி என்போம். கல்யாணமான வருஷம் அங்கிருந்து ஒரு பலகைக் கல்லை வண்டியில் ஏற்றி வந்து, கிணற்றடியில் துவைகல்லாகப் போட்டேன். மாமனார் கொடுத்த காளைகள்தான் இழுத்தன. ஒன்றுக்குக் கொம்பு கோணல்.

போன மாதம் தொல்பொருள் இலாகாக்காரர்கள் அங்கே ஒரு போர்டு நட்டார்கள். கல்லைத் தொட்டால் ஜெயில் என்று பால்காரர் வாசித்துச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, எடுத்த எடத்துலயே போட்டுட்டு வந்துருங்க" என்றாள் வீட்டுக்காரி.

டிராக்டரில் கொண்டுபோனேன். மற்ற கற்கள் நிற்கின்றனவே என்று இதையும் வட்டத்தில் நட்டேன். நட்ட பிறகுதான் கவனித்தேன். மற்றவை கறுத்துச் சொரசொரவென்று நிற்க, இது மட்டும் சோப்பில் தேய்ந்து வெளுத்திருந்தது.

மறு வாரம் ஜீப்பில் வந்த இலாகா அதிகாரி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, இது மட்டும் என்ன இம்புட்டு வழவழன்னு இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் வீட்டுல நாப்பது வருசம் துணி தொவச்ச கல்லு சார். பயந்துபோயி கொண்டாந்து வச்சேன்."

"முன்னாடியும் இப்படித்தான் நின்னுச்சா?"

"இல்ல சார். நடுவுல, குழிக்கு மேல படுத்துக் கெடந்துச்சு."

"அப்ப இது குழியோட மூடியாச்சே? மூடியப் போயி நட்டு வச்சிருக்கீங்களே."

கேலியா, கோபமா, தெரியவில்லை. என் பேரையும் அப்பா பேரையும் கேட்டு, நோட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. ஜீப் சத்தம் கேட்டாலே, ஆடுகளை விட்டுவிட்டுக் கரட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.