லெவன் ஹண்ட்ரட், மூடு

ஹரிதாவை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நகரிக்காரி. வீட்டில் பவர்லூம். திருப்பதியில் எங்கள் ஆய்வகத்துக்கு ஆறு வருஷம் ரயிலில் வந்து போனாள். பிஎச்.டி. முடித்தாளா என்று யாராவது கேட்டால் எனக்குத்தான் கோபம் வரும்.

செல்போன் டவரில் சின்னச் சின்னப் பீங்கான் வில்லைகள் இருக்கும். வேண்டிய சிக்னலை விட்டு மற்றதைத் தடுப்பது அவற்றின் வேலை. சிக்னலை வீணாக்காத வில்லை செய்ய எந்தப் பொடியை எவ்வளவு சேர்ப்பது, எப்படிச் சுடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுசு போதாது. ஹரிதா அதைக் கம்ப்யூட்டரிடம் விட்டாள். எங்கள் பழைய நோட்டில் இருந்த நூற்றுநாற்பது வில்லைகளின் விவரத்தை அதற்குக் கற்றுக்கொடுத்து, புதுக் கலவையை அதையே சொல்ல வைத்தாள்.

அதுவும் சொன்னது. இந்த லித்தியம் கலவை, ஆயிரத்து நூறு டிகிரி, மூன்று மணி நேரம். அது சொன்னபடியே பதினோரு முறை அவளே சுட்டாள். பதினோரு வில்லையும் சிக்னலைக் குடித்துத் தீர்த்தன. ஜூன் முப்பதுக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது, இனி கிடையாது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது அது நடந்தது. உலை பார்த்துக்கொள்ளும் முனிகிருஷ்ணன் அண்ணன் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலப்பவர். புதிதாகச் சேர்ந்த துர்காதேவியிடம், "லெவன் ஹண்ட்ரட், மூடு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். தெலுங்குப் பெண் அவள். உலையில் மூன்று மணி நேரத்தை வைத்தாள்.

"ஏன் மூணு வெச்ச?" என்றாள் ஹரிதா.

"அங்கிளே மூடு அன்னாரு கதா, அக்கா."

அங்கிள்தான் மூடு என்று சொன்னாராம். தெலுங்கில் மூடு என்றால் மூன்று. அண்ணன் சொன்னதோ தமிழ் மூடு. லித்தியம் சூட்டில் ஆவியாகிவிடும், கிண்ணத்தை மூடிச் சுட வேண்டும். ஆறு மணி நேரம் என்பது வழக்கம் என்பதால் நேரத்தை அவர் வாயால் சொல்வதே இல்லை.

ஹரிதா பழைய நோட்டை எடுத்தாள். எழுதியவன் கிஷோர், சித்தூர்த் தெலுங்குப் பையன், எப்போதோ படித்துவிட்டுப் போனவன். நேரத்துக்கான கட்டத்தில் அறுபத்தோரு இடத்தில் 3 போட்டிருந்தான். மற்றதில் 6. மூடி என்ற பேச்சே இல்லை. அண்ணன் மூடச் சொன்னதையெல்லாம் அவனும் மூன்று மணி நேரம் என்றே எழுதியிருக்கிறான், கம்ப்யூட்டரும் அதைத்தான் படித்திருக்கிறது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கலவையையே இப்ப மூடி ஆறு மணி நேரம் சுட்டுப் பாரேன்" என்றேன்.

"கம்ப்யூட்டர் தப்புப் பாடம் படிச்சிட்டுப் பொறுக்கின கலவடி இது. கலவயே தப்பு."

அந்த அறுபத்தொன்றில் நிஜமாகவே மூன்று மணி நேரம் சுட்டதும் உண்டு. அண்ணன் நான்கு நாள் அவளோடு உட்கார்ந்து, பழைய வில்லைகளைத் தேய்த்துப் பார்த்து, மூடிச் சுட்டது எது என்று பிரித்துக் கொடுத்தார். "நான் இன்னா கண்டேன், அவன் மூணுன்னு எழுதிக்கினு இருப்பான்னு" என்று அவரும் புலம்பித் தீர்த்தார். கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொண்டு வேறொரு கலவையைச் சொன்னபோது தேதி இருபத்தாறு. பொடி கலந்து, சுட்டு, அரைத்து, மறுபடி சுட்டு அளக்க எட்டு நாளாவது வேண்டும்.

பத்து நாள் கேட்டாள். ஆபீசில் முடியாது என்றார்கள். எங்கள் கைடு சார் சிரித்துக்கொண்டே, "மூணுன்னே இருக்கட்டும்மா, எவரு சூஸ்தாரு? கொடுத்துட்டுப் போ" என்றார். யார் பார்க்கப்போகிறார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நோட்டை அவர் மேஜையில் வீசியிருப்பேன்.

"பொய்யின்னு தெரிஞ்சி எப்படி சார் கையெழுத்துப் போடறது?" என்று மட்டும் கேட்டாள். வெளியே வந்து, வராந்தாவில் எல்லாரும் பார்க்க வாய்விட்டு அழுதாள். கொடுத்துத் தொலையேன்டி என்று நானும் கெஞ்சினேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

முப்பதாம் தேதி ஐந்து மணிக்கு அடையாள அட்டையை ஒப்படைத்தாள். பாதி வேலையில் நின்ற பொடியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனாள்.

நான்தான் சுட்டேன். ஜூலை நான்காம் தேதி அளந்தேன். நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். நகரிக்கு போன் செய்தால் பின்னால் தறிச் சத்தம்.

"எவ்ளோ வந்துச்சு, தேவசேனா?"

"கம்ப்யூட்டர் சொன்னதுக்கும் மேல."

தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"பேப்பர உன் பேர்ல போடு" என்றாள். "என் பேரு இப்ப அங்க எந்த லிஸ்ட்லயும் இல்ல."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் தீசிஸ் கொடுக்க இரண்டு வருஷம்தான் மிச்சமிருந்தது, அதுவரை கையில் ஒரு முடிவுகூட இருந்ததில்லை. போட்டேன்.