ஆவணிக்கு முன்னால் ஒரு ஊசி

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். ரத்தம் எடுக்கப் பயமில்லை. ஆட்களிடம் பேசத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆடி மாதம். தன் அண்ணன் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வந்த செல்வம் என்ற மில் தொழிலாளியின் சாம்பிளில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான டெஸ்டை அப்போது அப்படித்தான் சொல்வோம். மறுபடி போட்டும் அதே முடிவு. கண்ணில் மஞ்சள் இல்லை, ஆள் திடமாக இருந்தார். டாக்டர் அவரிடம் எல்லாம் விளக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க வந்தார். வைகாசியில் கல்யாணம் ஆனவர். மனைவி பேச்சி ஆடிக்கு வத்திராயிருப்பில் தாய் வீட்டில் இருந்தாள்.

"அவங்களுக்கும் டெஸ்ட் பாக்கணும் அண்ணாச்சி."

"அவளுக்கு எதுக்கும்மா? என் தட்டு, டம்ளரத் தனியா வச்சாச்சு. நான் சாப்பிட்ட இலையில இனிமே அவ சாப்பிட மாட்டா. பொறவு என்ன?"

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"வயித்துப்புண்ணுன்னு சொல்லிக்கிடுவேன். ஆவணி பொறந்ததும் கூட்டிட்டு வாரேன்."

தட்டைப் பிரித்தவர் பாயைப் பிரிக்கப் போவதில்லை. டாக்டரோ மதுரைக்குப் போயிருந்தார். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தட்டுல ஒட்டாது அண்ணாச்சி. ரத்தத்துல ஒட்டும். புருஷன் பொண்டாட்டியா சேந்தா ஒட்டும்."

"ஒரு பொம்பளப் பிள்ள பேசுற பேச்சா இது?" விருட்டென்று எழுந்து வாசல்வரை போய்விட்டார்.

"நாளைக்கு அவங்களுக்கு வந்து, பிள்ளையும் உண்டானா, பிள்ளைக்கும் வரும் அண்ணாச்சி!"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. அவர் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தடுக்க வழி இருக்கா?"

"அவங்களுக்கு இந்தக் கிருமி இல்லேன்னா தடுப்பூசி இருக்கு. இப்ப ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. பொறவு எதிர்ப்பு சக்தி வந்துருச்சான்னு ரத்தத்துல பாக்கணும். அதுவரைக்கும் சேரும்போது நிரோத் உறை போடணும். பிளேடு, பிரஷ் மாத்திப் புழங்கக் கூடாது. ஒரே தட்டுல தாராளமா சாப்பிடுங்க."

இரண்டு நாளில் பேச்சியோடு வந்தார். அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"சொன்னாங்களா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுற வரைக்கும் வாயே தொறக்கலக்கா. பொறவு காதுக்குள்ள சொன்னாவ. பக்கத்துல இருந்த ஆச்சி, 'புதுசா கட்டிக்கிட்டதுக, பஸ்ஸுலயே கொஞ்சுதுக'ன்னு சிரிக்கி. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது." கையை நீட்டினாள். "எனக்கும் இருந்தா என்னக்கா பண்ணுவீக?"

ரத்தம் எடுத்தேன். டெஸ்ட் கார்டில் முதல் கோடு வந்தது. இரண்டாவது கோடும் வந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

"கிருமி இப்பத்தான் ஏறியிருந்தா உடனே காட்டாது, மறுபடி பாக்கணும்" என்ற டாக்டர், அன்றைக்கே முதல் ஊசியைப் போடச் சொன்னார். அடுத்த டெஸ்டும் நெகட்டிவ் என்று வந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று ஊசியும் முடிந்து, பேச்சிக்கு எதிர்ப்பு சக்தியும் வந்துவிட்டது.

விளக்கிச் சொன்னது போதாது, கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்பதைக் கேட்கவும் வேண்டும். இப்போதும் பாசிட்டிவ் ரிப்போர்ட் கொடுக்கும்போது, "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். வீட்டுக்காரம்மாவுக்கு டெஸ்ட், ஊசி என்று ரிப்போர்ட் வாங்குபவர் வாயாலேயே வரும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடமாட்டேன்.