நெல்லோடு அவித்த பேட்

மஸ்கட்டிலிருந்து மூன்று மாத லீவில் வந்திருந்தபோது, இனி வீட்டிலேயே கிரிக்கெட் பேட் செய்து பிழைப்பது என்று முடிவெடுத்தேன். நான் கிரிக்கெட் ஆடியதில்லை. பேட்டைக் கையில் பிடித்ததுகூட இல்லை. அங்கே எனக்கு ஷட்டரிங் கார்பெண்டர் என்று பெயர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையால் பெட்டி அடிப்போம், கான்கிரீட் இறுகியதும் கடப்பாரையால் அந்தப் பெட்டியைப் பிய்த்து எறிவோம். ஆறு வருடத்தில் நான் செய்த ஒரு பொருளாவது மறு வாரம் முழுசாக இருந்ததில்லை. இப்படிப்பட்ட அனுபவசாலி தொழில் தொடங்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

உண்மையான காரணம் பேட் இல்லை, என் மகள். அவளுக்கு நாலு வயது. இதற்கு முன் நான் வந்துபோனபோது அவளுக்குப் பல்லே முளைக்கவில்லை. அங்கிருந்து கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவேன். அதனால் அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் டேப்ரெக்கார்டருக்குள் குடியிருக்கிற ஆள். விளக்கு வைத்ததும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அப்பாவைப் போடச் சொல்வாள். நான் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். நல்லா சாப்பிடணும், அம்மாவைப் படுத்தக் கூடாது என்று பெட்டிக்குள்ளிருந்து நான் சொல்வேன். சரிப்பா என்று பெட்டியிடம் சொல்வாள். நான்தான் அந்த அப்பா என்று சொன்னால், அப்பா பெட்டிக்குள் இருப்பதைப் பொறுமையாக எனக்கு விளக்குவாள். என் குரல் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வந்த சில வாரத்தில் ஒருநாள், விருந்தாளியைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள். "நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க?"

போகக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். போகாமல் என்ன செய்வது என்பதை மறுநாள் தீர்மானித்தேன். சம்பா அறுப்பு முடிந்திருந்தது. ஊருக்குக் கேபிள் டிவி வந்த புதிது. அறுத்த தாள் நின்ற வயலிலெல்லாம் மீசை வைத்த ஆட்கள் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடினார்கள். ஊரிலிருந்த ஒரே நிஜ பேட் ஒரு சிங்கப்பூர்க்காரர் தன் பிள்ளைக்கு அனுப்பியது. அந்தக் குடும்பம் சென்னைக்குக் குடிபோனபோது பேட்டும் லாரி ஏறிவிட்டது. கையில் உளி இருக்கிறது, வயலில் ஆட்கள் இருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மனைவியிடம் கணக்காகச் சொன்னேன். நான் செய்கிற பேட்டில் ஒன்றே ஒன்று, ஒரு ஆட்டம் முழுக்க உடையாமல் நின்றால் நான் போகவில்லை. நிற்காவிட்டால் பேசாமல் விமானம் ஏறுகிறேன். அவள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சரி என்றாள். போங்க என்றும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவள் அப்படித்தான்.

கும்பகோணத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், தொங்கிய பேட்டைச் சாணால் அளந்தேன். மூன்றாவது தடவை அளக்கும்போது, வாங்கப் போகிறேனா இல்லை அதற்குச் சட்டை தைக்கப் போகிறேனா என்று கடைக்காரர் கேட்டார். அளவு தெரிந்துவிட்டதால் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு பூவரசு காற்றில் சாய்ந்து கிடந்தது. அதை அறுத்து, செதுக்கி, இழைத்து, பிடியில் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றினேன். ஆணி அடிக்காமல் நான் செய்த முதல் பொருள் அது. ஊர் டீமின் கேப்டன் கூட்டுறவு சங்கத்தில் உர மூட்டை தூக்குகிறவர், ஆள் நல்ல வாட்டசாட்டம். அவர் அடித்த முதல் அடியிலேயே பேட் நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதி பந்தோடு சேர்ந்து பறந்தது. எதிரே நின்றவர் பந்தை விட்டுவிட்டு அந்தப் பாதியைப் பிடித்து அவுட் கேட்டார். இரண்டாவது பேட் ஆறு பந்து தாங்கியது. பக்கத்து ஊர் ஆசாரி தொட்டுப் பார்த்துவிட்டு, பச்சை மரம், ஒரு வருடமாவது காய வேண்டும் என்றார். லீவில் எனக்கு மிச்சம் இருந்தது பத்தொன்பது நாள்.

உடைந்த துண்டுகளை அடுப்புக்காவது ஆகட்டும் என்று கொல்லைக்குக் கொண்டுபோனேன். மனைவி நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நான் இல்லாத வருடங்களில் குத்தகை நிலத்தைப் பார்த்து, நெல்லை அவித்து, மில்லுக்கு அனுப்பி, வீட்டை நடத்தியவள் அவள்தான். துண்டை வாங்கிப் பிளவைத் தடவிப் பார்த்தாள்.

"பச்ச நெல்ல மில்லுல போட்டா பாதி நொய்யாத்தான் வரும். அவிச்சுக் காயவச்சுப் போட்டா முழுசா வரும். மரம் மட்டும் என்னங்க, அதுவும் மண்ணுல வெளையுறதுதானே?"

நான் சிரித்தேன். பிறகு மூன்றாவது பேட்டைச் செதுக்க உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பேட்டை நெல்லோடு தொட்டியில் ஊறப் போட்டோம். பிறகு நெல்லோடு அண்டாவில் ஏற்றினோம். ஆவி கக்குகிற நெல்லுக்கு நடுவில் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வந்து பார்த்தது. வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற பக்கத்து வீட்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, இது வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார்.

"நெல்லு வாய் பொளந்தா இறக்கிடுவோம்" என்றாள் என் மனைவி. "இது வாய் பொளந்தா இவரு மஸ்கட் போயிடுவாரு."

களத்தில் நெல்லைக் காலால் கிண்டிவிடும்போது பேட்டையும் காலால் புரட்டிப் போட்டாள். மகள் காக்காய் விரட்டினாள். இரண்டாம் நாள் ஓடிவந்து, பேட் குனிகிறது என்றாள். போய்ப் பார்த்தேன். அரிவாள் அளவுக்கு வளையவில்லை, அகப்பை அளவுக்கு வளைந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன், அசையவில்லை. போதாததற்குச் சோற்று வாசனை வேறு. அதைத் தூக்கிக்கொண்டு நான் வயலுக்கு நடந்தபோது எங்கள் வீட்டுக் கோழி மூன்று பின்னாலேயே வந்தன.

அன்றைக்குக் கொள்ளிடக் கரை ஊரோடு ஆட்டம். எங்கள் கேப்டன் கிழக்கே அடித்தால் பந்து வடக்கே போனது. வடக்கே அடித்தால் அவருடைய முதுகுக்குப் பின்னால் போனது. எங்கே போகும் என்று அவருக்கே தெரியாதபோது எதிராளிக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், நடுவில் கோழிகளும் ஓடின. கடைசியில் அந்த ஊர்க்காரர்கள் இது பேட்டே இல்லை என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். அம்பயராக நின்றவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவர் பேட்டை வாங்கிப் புரட்டினார், மோந்தார், என்னைக் கூப்பிட்டார். பூவரசு என்றேன். சோற்று வாசனை ஏன் என்றார். அவித்தது என்றேன். இன்னொரு தடவை மோந்தார்.

"பேட்டு மரமா இருக்கணும்னுதான் சட்டம்" என்றார். "அவிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

பேட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் விரிசல் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிப் பயந்திருக்க மாட்டார்கள். யார் ஜெயித்தது என்று பிற்பாடு சொன்னார்கள், மறந்துவிட்டது. ஆட்டம் முடிந்து பேட் என் கைக்கு வந்தபோது மனைவி வரப்பில் நின்றாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. அதை வாங்கி நகத்தால் கீறினாள். பிறகு, காய்ந்த நெல்லைப் பதம் பார்ப்பதுபோல ஓரத்தைக் கடித்தே பார்த்தாள்.

"நொய் விழல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உமி விழுந்துவிட்டது என்றாள். அறுத்த வயலில் ஏது உமி? எனக்கும் அதே உமி விழுந்தது.

என் விமானம் நான் இல்லாமல் போன அன்று மதியம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். இத்தனை நிம்மதியாக நான் படுத்ததே இல்லை. மகள் வந்து தலைமாட்டில் நின்றாள். நான் ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

"இல்ல. இனிமே இங்கதான்" என்றேன்.

அவள் முகம் வாடியது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள், டேப்ரெக்கார்டரைப் பார்த்தாள்.

"அப்ப எங்கப்பா வந்தா எங்க படுக்கும்?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே வழி கண்டுபிடித்துவிட்டாள். மூலையிலிருந்த பேட்டை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றாள். நான் தள்ளிப் படுத்தேன். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, சுவருக்கும் எனக்கும் நடுவில் பேட்டை நீளவாக்கில் வைத்தாள். அந்த இடம் அவள் அப்பாவுக்குப் போதுமா என்று குனிந்து பார்த்துவிட்டு, அதன் அந்தப் பக்கம் ஒண்டிப் படுத்துக்கொண்டாள். அவர் இடத்தில் என் கை பட்டுவிடக் கூடாதே என்று, அவள் தூங்குகிறவரை நான் அசையாமல் கிடந்தேன்.