சந்தனம் மறைத்த எண்

என் லாக்கரில், சிறு பிளாஸ்டிக் பையொன்றில், மஞ்சள் கறை படிந்த துணித்துண்டு ஒன்று இருக்கிறது. மலேசியாவின் கிள்ளானில் நான் உதவியாளனாக வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையின் அறுவை அறையில் சிஸ்டர் என் கையில் வைத்துவிட்டுப் போனது. கறை சந்தனம். அதை வைத்தவன் நான்.

சிஸ்டர் அந்த அறையின் பொறுப்பாளர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் ரயில்வே குடும்பத்துப் பெண். ஞாயிறு சர்ச்சுக்குத் தவறாதவர். ஆனாலும் எங்கள் ஆயுத பூசைக்கு வந்து நின்று பொரி தின்பார். யார் எதைச் சொன்னாலும், "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார். "சாம்பார்ல உப்பு இருக்கு சிஸ்டர், பாத்துட்டேன், நெனைக்கல" என்று சாப்பாட்டு வேளையில் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

அந்த ஆண்டு பூசை முடிந்த வாரம் தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. கண் அறுவை நுண்ணோக்கிகள் சிலவற்றில், நோயாளியின் முகத்துக்கு மேலே நீளும் கையைத் தாங்கும் போல்ட் உடையக்கூடும். பட்டியலில் உள்ள எண்களைப் பயன்படுத்தாதீர்கள், திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று. எங்கள் நுண்ணோக்கியின் எண்ணைப் பார்த்துவரும்படி சிஸ்டர் என்னிடம் சொன்னார். நுண்ணோக்கியைத் தாங்கும் தூணின் பின்பக்கம், எண் பொறித்த தகட்டின் மேல் நான் வைத்த சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. சாமி கும்பிட்டு வைத்ததைச் சுரண்ட மனம் வரவில்லை. மேலே போர்த்தும் உறையிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன். எப்போதோ கழித்துவிட்ட பழைய நுண்ணோக்கியின் உறை அது என்பது எனக்குத் தெரியாது. பட்டியலில் அந்த எண் இல்லை.

"பாத்தீங்களாண்ணே, நெனச்சீங்களா?"

"பாத்தேன் சிஸ்டர்."

மூன்று வாரம் போனது. காப்பார் பக்கம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஆன்டி ஒருவர் அறுவை மேசையில் படுத்திருந்தார். முகத்தில் துணி போர்த்தியாகிவிட்டது. நுண்ணோக்கியை நகர்த்தும்போது தகட்டைக் கண்ட சிஸ்டர், "இன்னுமா சந்தனம்?" என்று ஈரத்துணியால் துடைத்தார். வெளிப்பட்ட எண், கடிதப் பட்டியலில் அவர் படித்த எண்.

"டாக்டர், இதத் தொடாதீங்க."

"பத்து வருஷமா நல்லாத்தானே நிக்குது சிஸ்டர்? பேஷண்ட் படுத்தாச்சு லா."

"விழுற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் நிக்கும்."

துணிக்குள்ளிருந்து ஆன்டி, "என்ன தம்பி, கரண்டு போச்சா? என் கண்ணு போவாம இருந்தா சரி" என்றார். சிஸ்டர் நுண்ணோக்கியை ஓரமாகத் தள்ளினார், அன்றைய அறுவையை ஒத்திவைத்தார்கள்.

பிற்பகல் கம்பெனி ஆள் வந்து மூடியைக் கழற்றி ஸ்பேனரை வைத்தார். முறுக்கக்கூட இல்லை, போல்ட் பாதியாக உடைந்து அவர் கையோடு வந்தது. மூன்று வாரமும் எத்தனை பேரை அதன் கீழே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறேன், "பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே.

நடந்ததை அறிக்கையில் மறைக்காமல் எழுதினேன். சிஸ்டர் படித்தார், கையெழுத்துப் போட்டார், திட்டவில்லை. சந்தனம் துடைத்த அந்தத் துணியை மட்டும் என் கையில் வைத்தார். ஓய்வு பெறும் வரை அந்தக் கேள்வியை மற்ற எல்லாரிடமும் கேட்டார். என்னிடம் கேட்கவேயில்லை. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, தானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இன்று காலையும் ஒரு கடிதம் வந்தது, மருந்து ஏற்றும் பம்ப் பற்றி. தகட்டைத் துடைத்து, எண்ணைப் படித்து, கைப்பேசியில் படமும் எடுத்துக் கொடுத்தேன். புதுப் பொறுப்பாளர், "ஓகேண்ணே" என்று வாங்கிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. லாக்கரைத் திறந்து, அந்தப் பையைக் கையில் எடுத்து, "பாத்தேன் சிஸ்டர்" என்றேன். பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.